நூற்றுப்பத்து டிகிரி மாமனார்

புது மாப்பிள்ளையின் கையில் தெர்மாமீட்டரைக் கொடுக்கவே கூடாது. வீட்டைக் கலங்கடித்துவிடுவான்.

எனக்குக் கல்யாணமான வருஷம் அது. மதுரையில் ஒரு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். (மாமனார் ஊரான சமயநல்லூரில் 'டாக்டர் மாப்பிள்ளை' என்று பேச்சு. நான் மறுக்கவில்லை.) மாமாவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும், கடையில் ஒரு தெர்மாமீட்டரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அக்குளில் வைத்துப் பார்த்தேன். நூறு. சுத்தம் முக்கியமாயிற்றே என்று அதை வெந்நீரில் கழுவித் துடைத்து வைத்தேன். மத்தியானம் மறுபடி வைத்து எடுத்தால், பாதரசம் கடைசிக் கோட்டில் நிற்கிறது. நூற்றுப்பத்து!

மாமாவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுப் பார்த்தேன். நூற்றுப்பத்து. துணியை மாற்றிப் பார்த்தேன். இம்மி கூட இறங்கவில்லை.

"எம்புட்டு மாப்ள?" என்றார் மாமா.

சொல்லித் தொலைத்தேன். அத்தை "ஆத்தாடி!" என்று சுவரோடு சாய்ந்தார். மாமா மெதுவாக, "எந் தம்பியக் கூப்பிடுங்க" என்றார்.

வயல் வரப்புத் தகராறில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. சின்ன மாமா தோளில் துண்டு கூட இல்லாமல் ஓடி வந்தார்.

"அண்ணே! அந்த வரப்பு ஒனக்கே இருக்கட்டும்ணே, எந்திரி!"

"வேணாம்டா, நீயே வச்சுக்க."

கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். (பாசத்தில் இல்லை, பயத்தில்.)

ஆள் அனுப்பியதில், பக்கத்து ஊரான பரவையிலிருந்து டாக்டர் வந்து சேர்ந்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதை அப்படியே என் அக்குளில் செருகி எடுத்தார்.

"ஒங்களுக்கும் நூத்திப்பத்துதான் தம்பி. நல்லாத்தான நிக்கிறீங்க? உதறாம வச்சீங்களா?"

சூடு பட்டால் பாதரசம் விரிந்து குழாயில் ஏறும். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரில் அது ஆறினாலும் தானாக இறங்காது. அடியில் உள்ள குறுகல் தடுத்துவிடும். உதறித்தான் இறக்க வேண்டுமாம். நான் பார்த்தது மாமாவின் சூட்டை அல்ல, வெந்நீரின் சூட்டை!

டாக்டர் உதறிவிட்டு மாமாவுக்கு வைத்தார். தொண்ணூற்றொன்பது.

சின்ன மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வரப்பு யாருக்குண்ணே?"

"நீதானடா எனக்குக் குடுத்த!"

"நீயுந்தான எனக்குக் குடுத்த!"

பொழுது சாயும்வரை சண்டை. ஆனால் முகம் பார்த்துப் போட்ட சண்டை. நடுவே அத்தை இருவருக்கும் கஞ்சி ஊற்றினார்.

இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது இருவர் பேசாமல் இருந்தால் போதும், "மாப்ளயக் கூப்பிடுங்க, காய்ச்சல் பாக்கட்டும்" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் அது என் மனைவியின் குரல்.