லிஃப்டுக்கு வாக்கப்பட்ட குரல்

இனி வீட்டில் நிம்மதி நிலவும் என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியது வீட்டில் அல்ல. அங்கே அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. கம்பெனி மேனேஜர் அறையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு கட்டினார்.

விஷயம் இதுதான். கம்பெனி புதிதாகப் பேசும் லிஃப்ட் போடப் போகிறது. நாலாம் தளம், கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது என்றெல்லாம் சொல்வதற்கு ஒரு பெண் குரல் வேண்டும். உலகத்தில் மனிதர்கள் எப்படியெல்லாமோ பிழைக்கிறார்கள். மெத்தைக் கம்பெனியில் நாள் முழுக்கப் புரண்டு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் இருக்கிறான். ஜவுளிக்கடை பொம்மைகளுக்குக் கண் வரைந்தே மகளைக் கட்டிக் கொடுத்தவர் இருக்கிறார். அடுத்தவனுக்காக வரிசையில் நின்று கால் வீங்கி, அந்தக் காலாலேயே குடும்பத்தைக் காப்பாற்றுகிறவனும் இருக்கிறான். அந்த மாதிரி இதுவும் ஒரு வேலை. இரும்புப் பெட்டிக்கு வாய் கொடுக்க வேண்டும். வாய் கொடுக்க மெக்கானிக்குக்குத் தெரிந்து ஊரில் ஒரே ஆள்தான்.

"சார், என் வீட்டுக்காரிக்கு நல்ல குரல் சார். மூணு சுவர் தாண்டிக் கேக்கும்."

"ஒரு சிக்கல் இருக்குய்யா. பதிவு முடியற வரைக்கும் அவங்க வெளியில வாயைத் திறக்கக் கூடாது. குரல் கம்மிடுச்சுன்னா எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ணணும்."

"வெளியிலன்னா?"

"வெளியிலன்னா வெளியிலதான். வீட்டுலகூட மூச்சு விடக் கூடாது. சம்மதிப்பாங்களா?"

மெக்கானிக்குக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "வீட்டுலகூடவா சார்?" என்று இன்னொரு தடவை கேட்டு, அதைக் காதாரக் கேட்டு அனுபவித்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் வீட்டில் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, உன் குரலுக்கு யோகம் அடிச்சிருக்கு. ஊரு பூரா கேக்கப் போகுது."

"இந்த ஒரு வீட்டுக்குள்ள காதுல விழுந்தாப் போதும்னுதான் நான் இத்தனை வருஷமா கத்திட்டிருக்கேன். என்ன, இன்னிக்கு ரொம்பக் குழையறீங்க?"

"ஆனா ஒரு கஷ்டம். பதிவு முடியற வரைக்கும் வீட்டுல பேசக் கூடாதாம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுல உங்களுக்கு ரொம்ப வருத்தமோ?"

"இருக்காதா பின்னே?"

"முகத்தைப் பாத்தாலே தெரியுது. சரி, போறேன்."

வீட்டுக்குள் அவள் பேசியது அதோடு நின்றது.

முதல் சில நாட்கள் சொர்க்கம். ஈரத் துண்டு கட்டிலில் கிடந்தது, யாரும் கேட்கவில்லை. செருப்பு நடுக்கூடம் வரை வந்தது, யாரும் கேட்கவில்லை. மெக்கானிக் சோபாவில் கால் மேல் கால் போட்டு, கேட்பாரற்றுக் கிடந்தார்.

அப்புறம்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. சத்தம் இல்லாத வீடு ஒரு ரகம். சத்தம் இல்லாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற வீடு இன்னொரு ரகம். முன்பெல்லாம் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று தேடவே வேண்டாம், குரல் சொல்லிவிடும். இப்போது திரும்பினால் பின்னால் நிற்பாள். அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மூக்கருகே கொண்டு போவாள். ஒரு வார்த்தை இல்லாமல் வாளியில் போடுவாள். ஒருநாள் பக்கத்தில் வந்து அவர் கன்னத்தையே உற்றுப் பார்த்தாள். கன்னத்தில் வரிவரியாக ஏதோ பதிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்து, தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

அதைவிட மோசம் கண்ணாடி. பீரோக் கண்ணாடி முன் நின்று உதட்டை அசைப்பாள், சத்தமே வராது. ஆறாம் தளம், ஏழாம் தளம் என்று உதட்டை வைத்தே அவர் புரிந்துகொண்டார். ஆனால் சில சமயம் உதடு நீளமாக என்னவோ சொல்லும். பிறகு நின்றுவிடும். யாரோ பதில் சொல்வதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். கேட்டு முடித்ததும் சிரிப்பாள். மறுபடி உதடு அசையும். கூடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு முதுகுத் தண்டு சில்லிட்டுவிடும்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் அவருக்கென்று சொந்தமாக ஒரு இடம் இருந்தது. வீடு அவள் ராஜ்யம், கம்பெனி மேனேஜர் ராஜ்யம். ஆனால் சர்வீஸ் சாவியைத் திருப்பி, இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்திவிட்ட லிஃப்ட் இருக்கிறதே, அது அவருடையது. யாரும் ஏற முடியாது, யாரும் கூப்பிட முடியாது. மத்தியானத்தில் ஒரு சிகரெட், அதுவும் விட்டுவிட்டேன் என்று மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்த சிகரெட். பிறகு தரையில் விரித்த ரப்பர் பாயில் கன்னத்தை வைத்து ஒரு தூக்கம். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் மனுஷன் எப்போதோ சந்நியாசம் போயிருப்பார்.

புதிதாகக் கட்டி முடித்து இன்னும் ஆள் குடியேறாத அடுக்குமாடி ஒன்றில் அன்றைக்கு வேலை. சுண்ணாம்பு வாசனை. எந்த மாடியிலும் ஒரு ஈ காக்கை இல்லை. கதவுகளில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. லிஃப்டில் ஏறினார். "ஐந்தாம் தளம்" என்றது மனைவியின் குரல், வழவழவென்று, வேற்று மனுஷியைப் போல. பதிவான வரைக்கும் லிஃப்டுகளில் மாட்டத் தொடங்கியிருந்தார்கள்; அதற்கு அவர் பழகியிருந்தார். சாவியைத் திருப்பினார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே பெட்டி நின்றது. பாயை விரித்தார். சிகரெட்டைப் பற்ற வைத்துக் கண்ணை மூடினார்.

"என்ன பண்றீங்க?"

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். நாலு பக்கமும் தகரம். மேலே ஒரு விளக்கு.

"யா... யாரு?"

"நான்தான்."

இது தளம் சொல்லும் குரல் இல்லை. வீட்டுக் குரல். எத்தனையோ நாளாக அவர் கேட்காத குரல்.

"நீ எங்கேயிருந்து பேசறே?"

"எங்கேயிருந்தா என்ன? முதல்ல அதைக் கீழ போடுங்க."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. போட்டுக் காலால மிதிங்க."

போட்டார். மிதித்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஓ, சாப்பிட்டேனே."

"பொய்."

மூலையில் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது. விளக்கு மினுக் மினுக்கென்றது போலிருந்தது.

"எழுந்திரிங்க. பாய்ல படுத்துக் கன்னம் பூரா கோடு. பாதுகாப்பு பெல்ட் எங்க? மாட்டுங்க."

அத்தோடு குரல் நின்றுவிட்டது. கீழே இருட்டுக் கிணற்றில் இரும்புக் கயிறு ஒன்று தானாக ஆடி, சுவரில் டங்கென்று மோதியது. மெக்கானிக் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று டப்பாவைத் திறந்து, வியர்க்க விறுவிறுக்க முழுதும் சாப்பிட்டார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தால் அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கி, திறந்து, காலியாக இருப்பதைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

"மத்தியானம் நீ எங்கே இருந்தே?"

தரையைக் காட்டினாள். வீட்டில்தான்.

"ஏம்மா, ஒரு வார்த்தை பேசேன். ஒண்ணே ஒண்ணு. திட்டினாக்கூடப் பரவாயில்ல."

அவள் உதட்டில் விரலை வைத்துத் தலையசைத்தாள்.

மெக்கானிக் பயந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. வாயடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நிஜம்தான். அதற்காக இப்படியா? குரல் உடம்பை விட்டுக் கழன்று போய் ஊரெல்லாம் இரும்புப் பெட்டிகளில் அலைகிறது, வெறும் உடம்பு இங்கே வெங்காயம் நறுக்குகிறது என்றால், இதை யாரிடம் போய்ச் சொல்வது? பூசாரியிடமா, டாக்டரிடமா? இத்தனை வருஷமாக இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியிருந்ததே அந்தச் சத்தம்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள், தன்னோடு வேலை பார்க்கும் நெட்டையனை அந்தக் கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். சாவியைத் திருப்பினார்கள். ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணே, உங்களுக்கு வெயில் ஒத்துக்கல. பேயாவது ஒண்ணாவது!" என்று நெட்டையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று குரலைத் தாழ்த்தினான். "ஆமா... அது உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

"சாப்பிட்டீங்களான்னு."

நெட்டையன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினான்.

"அண்ணே, என்னையும் அதேதான் கேட்டுச்சு. நான் எங்கம்மான்னு நெனச்சேன். அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவு நாளாச்சு. வேற யாரு என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கப் போறாங்க? அன்னியிலேர்ந்து நான் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடறதே இல்ல."

"உங்கம்மா உன்னை 'ங்க' போட்டாடா கூப்பிடுவாங்க?"

"செத்தப்புறம் மரியாதை குடுக்கறாங்கன்னு நெனச்சேன்."

இதற்கு மேல் பொறுப்பதில்லை என்று மெக்கானிக் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், லிஃப்டுல பேய் இருக்கு."

"அப்படியா? என்ன சொல்லுது?"

"எல்லாம் சொல்லுது சார். சிகரெட்டைப் போடுங்கங்குது, சாப்பிட்டீங்களாங்குது, எழுந்திரிங்கங்குது..."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"உக்காருய்யா. அது எப்பப் பேசும் தெரியுமா? சர்வீஸ் சாவியைத் திருப்பி, பெட்டி கொஞ்ச நேரம் அசையாமக் கிடந்தா மட்டும்தான் பேசும். வேலை பாக்கறவன் மேலயும் கீழயும் ஓட்டிப் பாத்துட்டே இருப்பான். அவன் காதுல அது விழவே விழாது. படுத்துத் தூங்கறவனுக்கு மட்டும்தான் கேக்கும்."

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"நீயா வந்து கேட்டுச்சுங்கறே. பாதுகாப்புக்காகப் போட்டோம்யா. ஒருத்தன் பெல்ட் இல்லாமத் தூங்கி எழுந்து, தூக்கக் கலக்கத்துல கதவைத் திறந்தா என்ன ஆகறது?"

"அந்த வசனமெல்லாம் யாரு சார் எழுதினது?"

"எழுதினதா? உங்க வீட்டம்மா தானாப் பேசினாங்கய்யா! மெக்கானிக்குகளுக்கு என்ன சொல்லலாம்னு கேட்டோம். 'எங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசற மாதிரி பேசறேன், மத்தவங்களும் இவரு மாதிரிதான் இருப்பாங்க'ன்னாங்க. நடுவுல எவ்வளவு நேரம் விடணும்னுகூட அவங்கதான் கணக்குச் சொன்னாங்க. 'இந்த எடத்துல ஒரு பொய் சொல்லுவாரு, அதுக்குக் கொஞ்சம் இடம் விடுங்க'ன்னு."

பயம் போன இடத்தில் இப்போது ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. அடியே, கன்னத்தை உற்றுப் பார்த்தது இதற்குத்தானா? சட்டையை முகர்ந்தது இதற்குத்தானா? பேயில்லை என்ற நிம்மதியைக்கூட அவரால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

"இனிமே உனக்கு லிஃப்ட் கிடையாது" என்றார் மேனேஜர். "பெரிய கடையில நகரும் படிக்கட்டு போட்டிருக்கோம். இன்னிக்கே அங்க போய்ச் சேரு."

மெக்கானிக் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அங்கே போய்ப் பார்த்ததும் தொங்கிய தலை நிமிர்ந்தது. நகரும் படிக்கட்டின் அடியில், மெக்கானிக் மட்டும் இறங்கக் கூடிய ஒரு பள்ளம். மேலே இரும்பு மூடி. உள்ளே குளுகுளுவென்று இருட்டு. தலைக்கு மேல் ஊர் ஜனங்களின் கால்கள் தடதடவென்று போய்க்கொண்டிருக்கும். கீழே ஒரு மனுஷன் காலை நீட்டிப் படுக்கலாம். டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினார். திருகுகளைக்கூட ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். குரல் வரும் ஓட்டை எதுவுமே இல்லை. லிஃப்டாவது பெட்டி. இது அரண்மனை!

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்த தோரணையே வேறு. மனைவி தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பதில் பேச முடியாத ஆளிடம் வீரம் பேசுகிற சுகம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

"என்னம்மா, எல்லாம் தெரிஞ்சுபோச்சு. பொய்க்கு இடம் விட்டியாமே? ஊரு மெக்கானிக்கையெல்லாம் எழுப்பி உக்கார வச்சியாமே? நெட்டையன் பாவம், செத்துப்போன அம்மான்னு நெனச்சு அழுதிருக்கான்."

அவள் ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள்.

"நானும் பயந்துதான் போனேன். உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு என் உசிரே போய் உசிரு வந்துச்சு. சந்தோஷம்தானே? ஆனா ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. இனிமே எனக்கு லிஃப்டே கிடையாது. படிக்கட்டும்மா, நகரும் படிக்கட்டு! அதுக்கு வாயும் கிடையாது, காதும் கிடையாது. அங்க வந்து உன் குரல் என்ன பண்ணும்? என்ன பண்ணும்கறேன்!"

அவள் கடைசித் தட்டையும் அடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். அவரைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தாள்.

"படிக்கட்டுக்கும் பேசியாச்சு, நாளைக்குக் காலையில வந்து மாட்டறாங்க. பதிவு நேத்தோட முடிஞ்சுது, இனிமே வீட்டுலயும் பேசலாம்னு சொல்லிட்டாங்க. இப்படி வந்து உக்காருங்க."