வகுப்புக்கு ஆள் பிடித்தவன்

ஒன்பதரை மணி வகுப்புக்கு ஒன்பது இருபது வரை ஒரு பிள்ளைகூட வரவில்லை. இருபத்திரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு ட்ரெவர் ஹாஸ்கின்ஸ் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

வேறு நாளாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கியிருப்பான். இன்றைக்கு அவன் பாடம் நடத்துவதைப் பார்த்து அறிக்கை எழுத, வரலாற்றுத் துறையிலிருந்து ஜே. ஹாலண்டர் என்று ஒரு பேராசிரியர் வருகிறார். ஆணா பெண்ணா என்றுகூட ட்ரெவருக்குத் தெரியாது. அறிக்கை நன்றாக வந்தால், ஆங்கிலத் துறையில் ஆய்வு செய்துகொண்டே முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் உதவி ஆசிரியர் வேலை ஆறாவது வருடமும் நீடிக்கும். இல்லாவிட்டால் டோலிடோவில் அக்கா புருஷனின் டயர் கடைதான். அரைப்புள்ளியின் அரசியல் பற்றி ஐந்து வருடமாக எழுதிவரும் ஆய்வேடு இருபத்தோராம் பக்கத்தோடு நின்றுபோகும். உலகம் அதைத் தாங்கிக்கொள்ளும். ட்ரெவர் தாங்கமாட்டான்.

போனை எடுத்துப் பார்த்தான். ஒரு மாணவனின் பதில் வந்திருந்தது. "வகுப்பு இல்லைன்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார். நல்லா ரெஸ்ட் எடுங்க."

அப்படி எப்போது சொன்னான்? முந்தின நாள் எல்லோருக்கும் அனுப்பிய கடிதத்தைத் திறந்தான். "நாளை, வகுப்பறை என்னும் அதிகார வெளியைக் கலைக்கிறோம். ஆசிரியர் என்கிற மையம் இனி இல்லை. கற்றல் எங்கு நிகழுமோ அங்கே நிகழட்டும்."

நாற்காலியை வட்டமாகப் போடப்போகிறேன் என்பதைத்தான் ஐயா அப்படி எழுதியிருந்தார். ஊருக்கெல்லாம் தெளிவாக எழுதச் சொல்லிக்கொடுப்பவர்.

அப்போது கதவு திறந்தது. தடித்த குளிர்க்கோட்டும் கையில் காப்பியுமாக, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உள்ளே வந்தார். வட்டத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சுவரோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து தேதி எழுதினார்.

ஹாலண்டர் இவர்தான் என்று ட்ரெவர் முடிவுகட்டினான். "வாங்க, வாங்க. சௌகரியமா உக்காருங்க. பிள்ளைங்க இதோ வந்துட்டே இருக்காங்க."

பெண்மணி தலையசைத்தார். ட்ரெவர் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான்.

உதவி ஆசிரியர்களின் அறை நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. எட்டுப் பேர் உட்கார்ந்து, யாருக்கு வேலை அதிகம் என்று ஒரு மணி நேரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் மேல வாங்க. அம்பது நிமிஷம் என் மாணவர்களா நடிக்கணும்."

"இது நெறிமுறைப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்தான் ஓவன்.

"தலைக்குப் பத்துக் கட்டுரை நான் திருத்தித் தரேன்."

நெறிமுறை அத்தோடு முடிந்தது. லினெட் மட்டும், "பதினஞ்சு" என்றாள். பதினைந்துக்குப் படிந்தது.

படியேறும்போது ட்ரெவர் கெஞ்சினான். "உங்களுக்கெல்லாம் பதினெட்டு வயசு. ஒண்ணும் தெரியாது. போனை நோண்டுங்க, தூங்குங்க, என்ன வேணா பண்ணுங்க. வாயை மட்டும் திறக்காதீங்கப்பா."

"ஓவனுக்கு மண்டை பாதி வழுக்கைடா," என்றாள் லினெட்.

"தொப்பி போட்டுக்கட்டும்."

எட்டுப் பேரும் வட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெண்மணி ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். ட்ரெவர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"போன வாரம் என்ன பார்த்தோம்? ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு மையக்கருத்து வேணும்னு பார்த்தோம். இல்லையா?"

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டான். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும். ஒரு கேள்வி காதில் விழுந்த பிறகு பேசாமல் இருப்பது இந்தக் கூட்டத்தின் ஜாதகத்திலேயே இல்லை. ஓவனின் கை மேலே போனது.

"சார், மையக்கருத்து வேணும்னு சொல்றதே ஒரு வன்முறைதானே?"

"அது எப்பவோ செத்துப்போன வாதம்," என்றாள் லினெட்.

"உன் கட்டுரையை எந்தப் பத்திரிகையும் போடலைங்கிற கடுப்புல பேசாத."

"உன்னோடது எங்க வந்துச்சு? உன் மாமா நடத்துற பத்திரிகையிலதானே."

மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஆராய்ச்சி இதழ்களின் பெயரைச் சொல்லிச் சண்டை போடுவதை உலகம் அன்றுதான் முதன்முதலாகக் கண்டது. ஓவனின் தொப்பி வேறு கழன்று விழுந்தது.

பெண்மணி போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரெண்டு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு வெளியே போனார்.

"போச்சு. துறைத் தலைவருக்குப் போன் பண்றாங்க," என்று ட்ரெவர் தலையில் கைவைத்துக்கொண்டான். "இனி எவனாவது பேசினான், ஒரு கட்டுரைகூட திருத்தமாட்டேன். எழுத வேலை தரேன். எழுதும்போதாவது சும்மா இருப்பீங்கல்ல."

பெண்மணி திரும்பி வந்து உட்கார்ந்ததும் ட்ரெவர் குரலில் தேன் தடவிக்கொண்டான். "இப்ப எல்லாரும் அவங்கவங்க ஊரைப் பத்தி ஒரே ஒரு பத்தி எழுதுங்க. பத்து நிமிஷம்."

போன மாதம் இதே பயிற்சியை அவனுடைய நிஜ மாணவர்கள் ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அறை அமைதியானது. ட்ரெவருக்கு முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. பத்து நிமிடம் கழித்து ஒரு சுற்று வந்து பார்த்தபோது அதுவும் நின்றது. ஓவன் தலைப்பு மட்டும் எழுதியிருந்தான், அதற்கு ஒரு துணைத்தலைப்பும். லினெட் "எங்கள் ஊர்" என்று எழுதி, முதலில் "எங்கள்" என்பதை அடித்து, பிறகு யோசித்து "ஊர்" என்பதையும் அடித்திருந்தாள். ஒருவன் அடுத்த வாரம் வரை அவகாசம் கேட்டான். மூலையில் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எழுதச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு முற்றுப்புள்ளிவரை போய்ச் சேரவில்லை.

சுவரோரமாக இருந்த பெண்மணியின் பேனா மட்டும் நிற்கவே இல்லை. ஒரு பக்கத்தை முடித்துத் திருப்பி, அடுத்த பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். அவ்வளவு நீளமாக எழுத என் மேல் என்ன குற்றம் இருக்கிறது என்று ட்ரெவர் எண்ணிப் பார்த்தான். நிறைய இருந்தது.

நேரம் முடிந்ததும் எட்டுப் பேரும் ஓட்டம் பிடித்தார்கள். "பதினஞ்சு, மறந்துடாத," என்று லினெட் மட்டும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெண்மணி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ட்ரெவர் போய்ப் பவ்யமாக நின்றான். அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

"மேடம், அறிக்கையில கொஞ்சம் பார்த்து எழுதுங்க. என் பிழைப்பே அதுலதான் இருக்கு."

"அறிக்கையா?" என்றார் அவர். "அதை ஹாலண்டர்கிட்டல்ல கேக்கணும். நான் போன் பேச வெளியில போனப்ப, வண்டி நிறுத்த இடம் கிடைக்காம லேட்டாயிடுச்சுன்னு அங்க நின்னு கதவுக் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டிருந்தாரு. இவங்க எல்லாரும் இந்த வகுப்புப் பிள்ளைங்கதானான்னு என்கிட்ட கேட்டாரு. உள்ளதைச் சொன்னேன் சார், ஆகஸ்டுலேருந்து ஒரு நாள் விடாம உங்க வகுப்புக்கு வர்றேன், இந்த மூஞ்சிகள்ல ஒண்ணைக்கூட இதுக்கு முன்னால நான் பார்த்ததில்லைன்னு."