டீச்சரின் பென்சில் பக்கம்

பாலக்கரையில் நான் ஆறு மாதம் நல்ல தமிழ் எழுதுகிறவன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயருக்குக் காரணமான வரிகளில் ஒன்றுகூட நான் எழுதியதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு லாரி கிளீனர், திருப்பூரில் பனியன் மடிப்பது, பம்பாயில் ஓர் இட்லிக் கடை, கத்தாரில் இரண்டு வருடம் ஏசி மிஷின் துடைப்பது என்று ஓடியது. நடுவில் திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒன்பது நாள் படுத்திருந்தேன். (அங்கே கொசு அதிகம், மற்றபடி ஒன்றும் குறையில்லை.) நாற்பது வயதில்தான் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரும் வேலை கிடைத்தது. கிரேஸ் டீச்சரின் திருமணத் தகவல் மையம்.

டீச்சர் ஓய்வு பெற்றபின் வீட்டு முன்னறையிலேயே அதை நடத்தினார். சுற்றுவட்டாரக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துத் தருவார். ஒவ்வொரு வரனைப் பற்றியும் ஒரு பத்தி எழுதி, அந்தக் குடும்பங்கள் எல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் வேலை.

டீச்சரிடம் நீளமான ஒரு நோட்டு உண்டு. இடது பக்கத்தில் நீல மையில் பெயர், வயது, படிப்பு, பங்குக் கோயில். அதெல்லாம் ஊருக்குச் சொல்ல. வலது பக்கத்தில் பென்சிலில், நேரில் பார்த்துப் பேசியபின் டீச்சருக்குத் தோன்றியது. அது டீச்சருக்கு மட்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

"நீலம் வெளிய போகலாம். பென்சில் இந்த ரூமைத் தாண்டக் கூடாது. புரியுதா சேவியர்?"

"புரியுது டீச்சர்."

முதல் இரண்டு வாரம் நான் எழுதிய பத்திகள் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தன. மூன்றாவது வாரம் என் போனில் ஏஐ என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. நீலப் பக்கத்தில் உள்ளதை அதில் தட்டி, "இதை நல்ல தமிழ்ல எழுது" என்றால் போதும். மேடையில் மாலை வாங்கப்போகிறவர் மாதிரித் தமிழ் வந்து நிற்கும். டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"தினமும் பைபிள் படிக்கிறியோப்பா? தமிழ் தெளிஞ்சிருச்சே" என்றார் ஒரு நாள்.

"ஆமா டீச்சர். ரெண்டு அதிகாரம்."

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு புது வரன்கள் சேர்ந்திருந்தன. மதியம் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் மீன் குழம்பு. பதினொன்றையும் தட்டிக்கொண்டிருந்தால் குழம்பு ஆறிவிடும். நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து ஏஐயிடம் கொடுத்தேன். வலது பக்கமும் படத்தில் விழுவதைப் பார்த்தேன். டீச்சரின் பென்சில் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி மங்கலாக இருக்கும். எனக்கே புரியாதது இதற்கா புரியப்போகிறது என்று நினைத்தேன். (மனுஷனுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை பாருங்கள்.) "அழகான, மரியாதையான தமிழில் எழுது. ஒன்றையும் விட்டுவிடாதே" என்று வேறு போட்டேன்.

வந்தது நான்கு முழப் பதில். நீளமாக எதையும் படிக்க எனக்கு அப்போது விரல் வைத்துத்தான் வரும். முதல் இரண்டு வரியைப் பார்த்தேன், ஜோராக இருந்தது. குழுவில் போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

காவேரிப் பாலம் தாண்டும்போதே போன் உதறத் தொடங்கியது. பாராட்டு என்று நினைத்து அடக்கமாக இருந்துவிட்டேன். அக்கா வீட்டில் கை முழுக்க மீன் குழம்பு. "யாருன்னு பாருக்கா" என்று போனைக் கொடுத்தேன். அக்கா குழுவைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"'மணமகன் பொன் போன்ற குணம் கொண்டவர். தாயார் பேசத் தொடங்கினால், நிறைவு செய்வதில் ஆர்வம் காட்டாதவர்.' என்னடா இது?"

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"'உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், காலணியுடன்.' 'இணைத்துள்ள புகைப்படம் மணமகனின் இளமைக்காலத்தை நினைவூட்டுவது.' 'தந்தையாரை மாலை ஆறு மணிக்கு முன்பாகத் தொடர்புகொள்வது சாலச் சிறந்தது.' யாருடா இவரு, ஆறு மணிக்கு மேல என்ன பண்ணுவாரு?"

"அடுத்ததைப் படிக்கா" என்றேன்.

"'செல்வி ஜெசிந்தா, மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் பணிபுரிகிறார். இவரது இடது செவி கேட்கும் திறன் அற்றது. இதை மணமகனை நேரில் சந்திக்கும்போது தாமே தெரிவிக்க விரும்புகிறார். ஆகவே இதுபற்றி எவரிடமும் மூச்சு விட வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.'"

அக்கா போனைக் கீழே வைத்தாள். "பாவி, இதை எத்தனை பேருக்குடா அனுப்பியிருக்க?"

குழுவில் நூற்றுக்கும் மேலே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் காட்டூரிலிருந்து ஆரோக்கியராஜ் என்ற பாலிடெக்னிக் வாத்தியார் ஜெசிந்தாவைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் வீடும் அந்தக் குழுவில்தான். ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு வருடமாக டீச்சர் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், முதன்முதலாகக் கூடிவந்த இடம்.

இடது கையால் செய்தியை அழித்தேன். அழிந்தது, என் போனில் மட்டும். எல்லோருக்கும் அழிப்பதற்கு வேறு ஒரு வரியைத் தொட்டிருக்க வேண்டுமாம். இப்போது உலகத்தில் அந்தச் செய்தி இல்லாத ஒரே ஆள் நான்.

திரும்பி வந்தபோது டீச்சர் போனில் யாரிடமோ "இல்லைங்க, உங்கம்மாவைச் சொல்லலைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெயில் இறங்கியதும் வெள்ளைச் சட்டையில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். வையம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி அஞ்சரைதாங்க டீச்சர் ஆகுது. இப்ப என்கிட்ட பேசலாம்ல?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் ஆறு தாண்டிவிட்டது. போகும்போது என்னிடம், "தமிழ் நல்லா எழுதுறீங்க தம்பி" என்றார். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை ஆரோக்கியராஜின் அம்மா போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை தோதுப்படாதுங்க டீச்சர். மத்தபடி பொண்ணு நல்ல பொண்ணுதான்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அடுத்த அரை மணியில் ஜெசிந்தா வந்தார். நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு, வலது பக்கம் எங்களுக்குத் தெரியும்படி உட்கார்ந்தார். இத்தனை நாள் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் கவனித்ததே இல்லை.

"அவரு நேர்ல கேட்டுட்டு வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு வருத்தமில்ல டீச்சர். அது எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சு. இப்ப எங்க தெருவுல தண்ணி கேன் போடுறவரு என் வலது பக்கமா வந்து நின்னு பேசுறாரு."

நான் எழுந்து நின்றேன். "நான் காட்டூருக்குப் போயி அந்தம்மா கால்ல விழுந்து..."

"ஐயோ, வேணாண்ணே. அங்க போயி இன்னும் எதையாவது அழகாச் சொல்லி வெச்சிராதீங்க."

"அப்ப ஒரு மன்னிப்புக் கடிதமாவது எழுதித் தரேன்மா."

"அதையும் அதுகிட்டயே எழுதி வாங்கிட்டு வந்திராதீங்க. இந்தத் தமிழை எங்க ஆஸ்பத்திரியில தினமும் பாக்குறேன்."

அப்போதுதான் டீச்சருக்கு விஷயம் தெரிந்தது. "எதுகிட்ட?" என்றார். போனை எடுத்துக் காட்டினேன். இரண்டு அதிகாரம் பைபிள் பற்றிய பொய்யும் அந்த இடத்திலேயே வெளியே வந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "கணக்கு முடிச்சுத் தரேன், திங்கக்கிழமைலேர்ந்து வர வேணாம்ப்பா" என்றார்.

எனக்கு இது புதிதில்லை. இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் போகச் சொல்லியிருக்கிறார்கள். பையை எடுத்தேன். ஜெசிந்தாதான் நிறுத்தினார்.

"இவரை அனுப்பிட்டா இன்னொருத்தர் வருவாரு டீச்சர். அவரு போன்லயும் இதேதான் இருக்கும். இவரு இதை வெச்சு எழுதுறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதேம்மா."

"எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

"நீலம், பென்சில்னு சொன்னேனே."

"அது மனுஷங்களுக்கு. போனுக்கு யாரு சொன்னது? எங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் ஆளாளுக்குத் திருட்டுத்தனமா வெச்சிருந்தாங்க. திட்டினா இன்னும் ஒளிச்சு வெச்சுக்குவாங்க. அதனால எதுக்கு வெச்சுக்கலாம், எதுக்குக் கூடாதுன்னு எழுதியே ஒட்டிட்டோம். நோயாளி பேரு, சீட்டு, போட்டோ எதுவும் உள்ள போகக் கூடாது. உள்ள போனது எங்க போகும்னு நமக்குத் தெரியாதுல்ல?"

கேட்டுவிட்டுப் போயிருக்கலாம் அவர். போகவில்லை. யாரால் கல்யாணம் நின்றதோ அவன் உத்தியோகத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பேப்பர் கேட்டு வாங்கி எழுதினார். ஏஐ வைத்துக்கொள்ளலாம், ஆனால் டீச்சருக்குத் தெரிந்துதான். நோட்டைப் போட்டோ எடுப்பது இன்றோடு சரி. உண்மைப் பெயர், ஊர், போன் நம்பர் எதுவும் கொடுக்கக் கூடாது. வார்த்தை சரியா என்று கேட்கலாம், ஆளைப் பற்றிக் கேட்கக் கூடாது. குழுவில் எது போடுவதானாலும் முதலில் இன்னொருவர் காதில் விழும்படி, முழுவதையும், சத்தமாகப் படிக்க வேண்டும்.

பிறகு தன் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துத் தரச் சொன்னார். டீச்சர் அளவுகோல் வைத்துக் கிழித்துக் கொடுத்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு மதியமே குழுவில் ஒரு மன்னிப்புச் செய்தி போட்டேன். சொந்தத் தமிழ். டீச்சர் முன்னால் நின்று படித்தேன். நான்கு பிழை. அவர் சிவப்பு மையை எடுக்காமல், "அப்படியே அனுப்பு, அதுதான் நம்புவாங்க" என்றார்.

ஒன்றரை வருடம் கழித்து ஜெசிந்தா கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். மாப்பிள்ளை எங்கள் மூலமாக வந்தவர் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவர்.

"சொல்லிட்டீங்களாம்மா?" என்றேன். கேட்கும் தகுதி எனக்கு இல்லைதான், ஆனாலும் கேட்டேன்.

"நானேதான் சொன்னேன். பஸ்ல என் இடது பக்கம் உக்காந்து ஜங்ஷன்லேர்ந்து தில்லைநகர் வரைக்கும் என்னவோ பேசிட்டே வந்தாரு. இறங்கினப்புறம், 'எனக்கு இடது காது கேக்காது, எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லுங்க'ன்னேன். அவ்ளோ தூரமும் கல்யாணம் பண்ணிக்கலாமான்னுதான் கேட்டுட்டு வந்திருக்காரு மனுஷன். மறுபடி கேக்க ரொம்பக் கூச்சப்பட்டாரு."

தினமும் சத்தமாகப் படித்துப் படித்து இப்போது எனக்கு விரல் வைக்காமலே வருகிறது. ஒன்பதாம் வகுப்பு இரண்டு வருடத்தில் செய்யாததை வாட்ஸ்அப் குழு செய்திருக்கிறது. ஆனால் அக்கா வீட்டில் என்னை யாரும் நம்புவதில்லை. "இன்னைக்குச் சாப்பிட வரலை" என்று மூன்று வார்த்தை அனுப்பினாலும் உடனே போன் வரும். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தானையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வாள்.

"ம், படி."