இன்ஸ்பெக்டர் முன்னால் அவிழ்த்த சாரம்

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஸ்கூல் இன்ஸ்பெக்டர் முன்னால பின்னக் கணக்கு நடத்திக் காட்டணும்.

கர்நாடகத்துக்கு அந்தப் பேர் வராத காலம். அங்கே மர்பி டவுன்ல ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல நான் தற்காலிக வாத்தியார். இன்ஸ்பெக்டர் தலையாட்டினா பர்மனென்ட். ஆட்டலேன்னா மாமனார் கடையில அரிசி அளக்கணும்.

ஆனா என்கிட்ட ஒரு வித்தை இருந்துச்சு! டிரெயினிங்ல சொல்லிக் கொடுத்தது. கொத்தனார் மூங்கிலும் கயிறுமா சாரம் கட்டுவார் இல்லையா, அந்த மாதிரி முதல்ல பசங்களுக்கு நாம கை கொடுக்கணும். அப்புறம் கூடி உக்காந்து பேசி அவங்களே கத்துப்பாங்க. நாம சாரத்தை அவுத்துடணும்.

பெருமை தாங்காம ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனேன். அவர் திருநெல்வேலிக்காரர், ஸ்கூலுக்குப் புதுசு.

"எப்படிவே பாடம் எடுக்கப் போறீரு?"

"சாரம் கட்டித்தான் சார்!"

"இன்ஸ்பெக்டர் முன்னாலயா?"

"ஆரம்பத்துல மட்டும்தான் சார். போகப் போக அவுத்துடுவேன்."

"அவுத்துருவீரா!"

"அவுத்தாத்தான் சார் பசங்க ஒண்ணு சேருவாங்க!"

அவர் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டார். "நல்லாயிருப்பீரு வே, வேட்டியே கட்டும். அதையும் இறுக்கிக் கட்டும்."

என்மேல என்ன அக்கறைன்னு உருகிட்டேன். மக்கு!

ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வந்து சேர்றதுக்குள்ள, இன்ஸ்பெக்டர்கிட்ட மூங்கில் கயிறு கதையைச் சொல்லிட்டேன். அவர் கன்னடக்காரர், தமிழ் நல்லா தெரியும். ரொம்ப ரசிச்சார்.

பாடம் ஜோரா ஆரம்பிச்சுது. காகிதத்தை ரொட்டி மாதிரி வெட்டி, அரை, கால்னு கிழிச்சுக் காட்டினேன். பசங்க நாலு நாலு பேரா வட்டம் போட்டாங்க. பின் பெஞ்சிலேருந்து இன்ஸ்பெக்டர், "பஹள சென்னாகிதே! ரொம்ப நல்லாயிருக்கு!"ன்னு தலையாட்டினார். ஹெட்மாஸ்டர் மட்டும் என் முதுகை ஒட்டியே நின்னார். நான் போர்டுக்குப் போனா அவரும் போர்டுக்கு!

பசங்க கணக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"சார், இப்போ அவுக்கப் போறேன், பாருங்க!"

"ஐயையோ!"ன்னு ஹெட்மாஸ்டர் பின்னாலேருந்து பாஞ்சு என் இடுப்பைக் கட்டிக்கிட்டார். "விட மாட்டேன்வே!"

"என்ன சார் இது! விடுங்க சார்!"

வாத்தியாருக்கு அடி விழுதுன்னு நெனச்ச பசங்க, நான் சொல்லிக் கொடுத்தபடியே ஒண்ணு சேர்ந்தாங்க. பாதிப் பேர் என்னை இழுத்தாங்க, பாதிப் பேர் அவரை இழுத்தாங்க.

வேட்டி அவர் பக்கம் போயிடுச்சு.

நான் பட்டாபட்டி டிராயரோட நிக்கிறேன். அவர் கையில என் வேட்டி. "நான் சொன்னது கொத்தனார் கட்டுற மூங்கில் சாரம் சார்!"னு கத்தினேன். "உம்ம மானத்தைக் காப்பாத்தத்தான்வே பிடிச்சேன்! எங்கூர்ல சாரம்னா கைலி!"

இனிமே அரிசிக் கடைதான்னு முடிவே பண்ணிட்டேன்.

இன்ஸ்பெக்டர் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே எழுந்தார்.

"பசங்க சேர்ந்து வேலை செய்றது ஃபஸ்ட் கிளாஸ், மாஸ்டர். பர்மனென்ட் பண்ணச் சொல்றேன். குறை ஒண்ணுதான். சாரத்தை வாத்தியார்தான் அவுக்கணும், ஹெட்மாஸ்டர் இல்லை."