ஓபெட் டட்டிலின் கொட்டாவி

கிரீன்ஃபோர்டு, கனெக்டிகட்
12 அக்டோபர் 1804

கைராசி வைத்தியரான அண்ணன் எலிஃபலெட் அவர்களுக்கு, தங்கை மெஹிடபெல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பசுவும் சுகம். உங்கள் மாப்பிள்ளைதான் சுகமில்லை.

செருப்புத் தைப்பவர் மகனாகப் பிறந்து, வக்கீலுக்குப் படித்து, ஐந்து தடவை சட்டசபைக்குப் போனவர் என் அசாஹெல். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. எட்டு வருஷத்துக்கு முன்னால், களஞ்சியத்துக்குத் தீ வைத்து ஆளைக் கொன்றதாக ஓபெட் டட்டில் மேல் வழக்கு வந்ததே, அவனுக்காக நாலு மணி நேரம் வாதாடினார். ஜூரியில் மூன்று பேர் தூங்கிப்போனார்கள். பாக்கிப் பேருக்குப் பசி. ஓபெட்டைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

போன மார்ச்சில் ஊர்க்கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த மனுஷன் பாதி வாக்கியத்தில் வெளிறிப்போய் உட்கார்ந்தார்.

"ஓபெட் கடைசி பெஞ்சுல இருக்கான்டி. கொட்டாவி விடுறான்."

"அந்த பெஞ்சுல யாருமே இல்லீங்க!"

அன்றிலிருந்து அவன் கொட்டாவி விட்டால் இவர் பேச்சு முடிந்தது. பேச்சு குறையக் குறைய வோட்டு கூடியது. சுதந்திர தின உரை நாலே வரி; ஜனங்கள் தொப்பியை வீசி ஆரவாரம் செய்தார்கள். கடைசியில் நீதிபதியாகவே ஆக்கிவிட்டார்கள். முதல் வழக்கே கொலை வழக்கு! எஜமானருக்கு விஷம் வைத்ததாக லோயிஸ் என்ற வேலைக்காரப் பெண் கூண்டில் நிற்கிறாள். திங்கட்கிழமை இவர் ஜூரிக்கு வழக்கை எடுத்துச் சொல்ல வேண்டும். நேற்று சாப்பாட்டைத் தொடவில்லை.

"ஓபெட் இப்ப பெஞ்சுல இல்லடி. அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கிறான்."

"கொட்டாவி விடுறானா?"

"இல்ல. என்னையே பாக்குறான்."

பேயாவது பிசாசாவது, எல்லாம் பித்தம். மருந்துப் பெட்டியோடு உடனே வாருங்கள். அண்ணியையும் குழந்தைகளையும் கர்த்தர் காப்பாராக.

உங்கள் தங்கை,
மெஹிடபெல்

பி.கு.: தபால் வண்டி வராததால் கடிதம் இங்கேயே கிடந்தது. நீங்கள் வர வேண்டாம். திங்கட்கிழமை அவர் ஜூரியிடம், "விஷம் வச்சதை யாரும் பாக்கல. ஒரு தடவை நான் பேசிப் பேசியே ஒருத்தனைக் கொன்னுட்டேன். நீங்க அவசரப்படாதீங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். லோயிஸை விட்டுவிட்டார்கள். கோர்ட்டு வாசலில் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஆள் என்னிடம், "இன்னைக்கு ஐயா நல்லாப் பேசினாரும்மா" என்றான். கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தழும்பு. அவரிடம் நான் மூச்சு விடவில்லை, அண்ணா. சொன்னால், அவனுக்கு நன்றி சொல்கிறேன் என்று மறுபடியும் நாலு மணி நேரம் பேசுவார்.