கழுகுமலைக் கருப்பசாமியின் கால்

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் ஹுமாயூன் அவர்களுக்கு, ஹிதாயத்துல்லா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை நூருன்னிசாவும் பிள்ளையும் அல்லாஹ் கிருபையால் சுகம். அங்கேயும் எல்லாரும் சுகமென்றே எடுத்துக்கொள்கிறேன். விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பெருநாளைக்கு வந்தபோது, "ஆன்லைன்ல படிச்சவ கையால நான் மாத்திரை வாங்கித் திங்க மாட்டேன்" என்று என் மகள் தஸ்னீமைக் கேலி செய்தீர்களே, இப்போது கேளுங்கள். அவளுடைய பார்மசி படிப்பில் புதிதாக ஒரு வகுப்பு. டாக்டருக்கு, நர்ஸுக்கு, பிசியோதெரபிக்கு என்று வேறு வேறு ஊரில் படிக்கிற ஆறு பிள்ளைகள் செல்போனில் ஒன்றுகூடி, ஒரே நோயாளியைச் சேர்ந்து கவனிக்கப் பழக வேண்டுமாம். நோயாளி கழுகுமலைக் கருப்பசாமி. சர்க்கரை, காலில் ஆறாத புண், தனிக்கட்டை. மூன்று வாரமாக என் வீட்டில் இவர் பேச்சுதான். ஒருத்தன் விரலை எடுக்கணும் என்கிறான், ஒருத்தி கட்டு மாற்றணும் என்கிறாள், என் மகள் மாத்திரையை மாற்றணும் என்கிறாள், கடைசியில் எல்லாரும் தேங்க்யூ சொல்லிப் போனை வைத்துவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது மச்சான். "ஏட்டி, அந்த மனுசனை ஒருத்தராவது போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டால், "அத்தா, மைக் ஆன்ல இருக்கு" என்கிறாள்!

பொறுக்கமாட்டாமல் நேற்று என் செருப்புக்கடையைப் பூட்டிவிட்டுக் கழுகுமலை பஸ் ஏறிவிட்டேன். டீக்கடையில் கேட்டதும், "புண்ணுக்கால் கருப்பசாமியா? தீப்பெட்டியாபீஸ் பின்னால இருப்பாரு" என்று கையைக் காட்டினார்கள். பார்த்தால் சர்க்கரை, புண், தனிக்கட்டை, ஒன்று குறையவில்லை! புண்ணில் மஞ்சளை அப்பிக்கொண்டு, "நல்லாத்தான இருக்கேன் அண்ணாச்சி. நீங்க யாரு, என் காலை ஏன் பாக்குதீய?" என்கிறார். "ஓய், உம்ம காலுக்காக ஆறு காலேஜ் பிள்ளைக ராவும் பகலும் மண்டையை உடைக்குதுக, நீரு இங்கன உக்காந்து சேவு திங்குதீரா?" என்றேன். மனிதர் அழுதுவிட்டார். அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணும். இனி ஆறிடும்" என்றார். கால் தப்பித்தது மச்சான், அல்ஹம்துலில்லாஹ்! செய்தது யார்? நீங்கள் சிரித்தீர்களே, அந்த ஆன்லைன் படிப்பு!

அங்கே பெரியவர்களுக்கு என் சலாம், சிறியவர்களுக்கு துஆ. உங்களுக்கு இரண்டும் கிடையாது. தஸ்னீமிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினால் யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து நிற்கும்
ஹிதாயத்துல்லா

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் தஸ்னீம் இதை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அத்தா, அது பாடத்துக்காக டீச்சர் கற்பனையா எழுதுன நோயாளி. அப்படி ஒரு ஆளே கிடையாது" என்கிறாள். ஆளே கிடையாதாம், ஆள் ஆஸ்பத்திரியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! மச்சான், நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் தயவுசெய்து இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். "எனக்குன்னு யாருமில்லைன்னு இருந்தேன், மூணு வாரமா ஆறு பிள்ளைக என்னையே நெனச்சிக்கிட்டு இருந்திருக்குதுக" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் எல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார்.