ஐந்தாவது உறுப்பினர்

ஒரே ஒரு ஆள் குறைந்தது.

தொழிலாளர் நலம், சுகாதாரம் இரண்டையும் கவனிக்கும் நாடாளுமன்றக் குழுவில் ஐந்து பேராவது உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். உள்ளே நாலு பேர்தான் இருந்தார்கள். பதிவறையிலிருந்து அன்று காலைதான் மாற்றலாகி வந்திருந்த எழுத்தர் நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவை எட்டிப் பார்த்தார்.

பார்க்காமல் பின்னே? சாயங்காலம் சபையைக் கலைக்கிறார்கள். கல் அரைக்கும் ஆலைகளில் தூசியைத் தின்று நுரையீரல் கெட்டவர்களுக்கு முதலாளியே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஒரு மசோதா. சாயங்காலத்துக்குள் இந்தக் குழு கையெழுத்துப் போட்டுக் கீழ்த்தளத்து அதிகாரிக்கு அனுப்பாவிட்டால் அது குப்பைக்குத்தான் போகும். எழுத்தரின் அண்ணன் ஆக்சிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்பா இல்லாத வீட்டில், ஆலைக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தவர். பணம் கட்ட முடியாவிட்டால் நாளைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது. மசோதா தேறினால் அண்ணன் தேறுவார். எழுத்தருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

வந்திருந்த நாலு பேரும் தங்கமான மனிதர்கள். உறுப்பினர்கள் என்றால் தாமதமாக வருவார்கள், கத்துவார்கள், பாதியில் எழுந்து போவார்கள் என்று பதிவறையில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். இவர்களோ, எழுத்தர் பூட்டைத் திறந்தபோதே உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழி இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார். ஒருவருடைய போனும் அடிக்கவில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டியது, யாரும் தொடவில்லை. அதைவிட, மசோதாவை வரிக்கு வரி படித்திருந்தார்கள். இப்படியும் உறுப்பினர்கள் உண்டா என்று எழுத்தர் நெகிழ்ந்தே போனார்.

முகம்தான் கொஞ்சம் இடித்தது. சுவரொட்டியில் எல்லாரும் ரோஜா நிறத்தில் சிரிப்பார்கள். நேரில் சாம்பல் பூத்துக் கிடந்தார்கள். போகட்டும், தேர்தல் போட்டோவை யார் நம்பினார்கள்?

"ஆரம்பிக்கலாமா தம்பி?" என்றார் தலைவர் நாற்காலியில் இருந்தவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இன்னொருத்தர் வரணுங்க ஐயா. இதோ, என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

வராந்தாவுக்கு ஓடி, ஐந்தாவது உறுப்பினர் வீட்டுக்குப் போன் போட்டார். டிரைவர்தான் எடுத்தார்.

"ஐயா தூங்கறாரு."

"எழுப்புங்க சார், உயிர் போற விஷயம்!"

"எழுப்பினா என் வேலை போயிடும். வேணும்னா சாயங்காலம் பேசுங்க."

சாயங்காலம் பேச சபை ஏது? எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். துப்புரவு வேலை பார்க்கும் அக்கா துடைப்பத்தோடு கதவோரம் நின்றிருந்தார். எழுத்தருக்கு விபரீத யோசனை ஒன்று தோன்றியது.

"அக்கா, அந்தக் காலி நாற்காலியில சும்மா உட்காருங்க. தலையை மட்டும் ஆட்டினா போதும்."

அக்கா இரண்டடி பின்னால் போனார். "அந்த நாற்காலியா? ஐயையோ, மாட்டேன் தம்பி. அதுக்கு ஆளே வரக்கூடாதுன்னுதான் நான் தினமும் வேண்டிக்கறேன்."

"ஏன்க்கா இப்படி? ஏழைபாழைங்க மேல உங்களுக்கு இரக்கமே இல்லையா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எழுத்தருக்கு அழுகையே வந்துவிட்டது. "கடவுளே, யாரா இருந்தாலும் பரவாயில்ல, ஒருத்தரை அனுப்பி வையேன்!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

அறைக்குள் நாலு பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள். அறையோ பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. ஏசியை அணைப்போம் என்று எழுத்தர் சுவிட்சைத் தட்டினார். படாரென்று ஏதோ வெடித்து, எல்லா விளக்கும் அணைந்தது. ஜன்னல் இல்லாத அறை. கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு.

"மன்னிச்சுக்குங்க ஐயா! எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடறேன்!"

"வேணாம் தம்பி, எங்களுக்கு இருட்டு பழக்கம்தான்."

கதவு திறந்தது. யாரோ மெல்ல நடந்து வந்து காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள்.

"வழி தெரியல, கொஞ்சம் லேட்டாயிடுச்சு." தூசி அடைத்த, கரகரத்த குரல்.

"வாங்க வாங்க. ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் தலைவர். வாழ்த்து மாதிரியும் இருந்தது, துக்கம் விசாரிப்பது மாதிரியும் இருந்தது.

ஐந்து மைக்குகளின் சிவப்பு விளக்குகளும் ஒவ்வொன்றாக எரிந்தன. "ஆதரிக்கிறேன்" என்று ஐந்து குரல்கள் கேட்டன. மின்சாரமே இல்லாத அறையில் மைக் எப்படி எரிந்தது என்று யோசிக்க எழுத்தருக்கு நேரமில்லை. போன் வெளிச்சத்தைக் காகிதத்தின் மேல் பிடித்தார். கைகள் மட்டும் வெளிச்சத்துக்குள் வந்து கையெழுத்திட்டன.

நடுவில் போன் அடித்தது. அண்ணி. "அப்புறம் பேசறேன் அண்ணி" என்று எடுத்த வேகத்தில் வைத்தார். உடனே மறுபடியும் அடித்தது. அதையும் வெட்டினார். நல்ல காரியம் நடக்கும்போதுதான் இப்படிப் பிடுங்குவார்கள்!

கடைசியாக வந்த கை அவர் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தது. ஐஸ் மாதிரி இருந்தது. "பயப்படாத தம்பி, பத்திரமா கொண்டு போ" என்றது அந்தக் கரகரத்த குரல்.

எழுத்தர் பறந்தார். கீழ்த்தளத்து அதிகாரி காகிதத்தை மேலோட்டமாகப் பார்த்தார். "அஞ்சு கையெழுத்து இருக்கு. யார் யாருதுன்னு பார்க்கறது என் வேலை இல்ல" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். மசோதா தேறிவிட்டது! எழுத்தருக்கு அந்த அதிகாரியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல் இருந்தது.

நன்றி சொல்ல மேலே ஓடி வந்தார். விளக்கு எரிந்தது. அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. துப்புரவு அக்கா ஐந்து நாற்காலிகளிலிருந்தும் சாம்பல் நிறத் தூசியைப் பெருக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டாங்களா? எவ்வளவு நல்ல மெம்பருங்கக்கா! எங்க அண்ணன் பிழைச்சாரு!"

அக்கா நிமிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. எழுத்தரின் கையில் போன் மறுபடியும் அடித்தது. "எங்க அண்ணிதான். சந்தோஷமான சேதி, முதல்ல அவங்ககிட்டதான் சொல்லணும்" என்று சிரித்தார்.

"மெம்பருங்க எவரும் இந்த அறைக்குள்ள காலடி வெச்சதே இல்ல தம்பி. ஆலையில தூசி தின்னு செத்துப்போன நாலு பேருதான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, ஆள் போதாம திரும்பிப் போவாங்க. போனை எடுங்க, இன்னைக்கு அஞ்சாவதா வந்தது யாருன்னு சொல்லத்தான் உங்க அண்ணி கூப்பிடறாங்க" என்றார் அக்கா.